பழைய கார் வாங்க ரோவர் பி6-ஆ, டிரையம்ப் 2000-ஆ?

இரண்டுமே 1963-ல் பிரிட்டனில் வந்த நான்கு கதவு கார்கள். துருப்பிடிப்பதில் இரண்டும் சளைத்தவை அல்ல; ஆனால் ரோவர் துருவை மறைக்கும். வெளித்தகடுகள் உள்கூட்டின் மேல் போல்ட்டில் மாட்டியவை. பெயிண்ட் பளபளக்கும், உள்ளே கூடு அரித்துக் கிடக்கும். பின்சீட்டின் அடிமெத்தையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

ரோவரின் பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. பிரேக் பேட் மாற்றுவதே முதுகை ஒடிக்கும் வேலை. அதனாலேயே பலர் தள்ளிப்போட்டு, ஹேண்ட்பிரேக் இறுகிவிடும்.

டிரையம்பில் கைவேலை எளிது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் த்ரஸ்ட் வாஷர்தான் (எஞ்சினின் சுழல்தண்டு முன்பின்னாக நகராமல் தடுக்கும் வளையம்) பலவீனம். எஞ்சினை நிறுத்தி, ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. வாஷர் கழன்று, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழ். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வெட்டி இழுத்தால், பின்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ்ஷாஃப்டின் வழுக்கும் பற்கள் (ஸ்ப்ளைன்) சிக்குகின்றன. கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

சொகுசுக்கு ரோவர். வீட்டு வாசலிலேயே ஸ்பானர் பிடிப்பவருக்கு டிரையம்ப். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள டிரையம்ப் 2.5 பிஐ மாடல் மட்டும் வேண்டாம், அதன் பெட்ரோல் பம்ப் சூடேறி மக்கர் செய்யும்.