செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையும் என் பேஸ் கிட்டாரும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்றில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு மாடி அறை இருக்கிறது. அங்கே கிட்டார்களைச் செப்பனிடும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் சொல்லித்தான் அறிந்தேன். கடந்த ஒன்றரை ஆண்டில் தாழ்ந்த ஸ்வரங்களுக்கான என் நான்கு கம்பி பேஸ் கிட்டாரை மூன்று முறை அவரிடம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். விளம்பரம் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் பெயரையும் கதவு எண்ணையும் எழுதவில்லை; ஆனால் வேலையைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும், முக்கியமாகத் தாமதத்தைப் பற்றியும், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலத்துக் கடைகளில் ஆறு கம்பி அகௌஸ்டிக் கிட்டார்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பேஸ் என்று கேட்டால், நான் ஏறி இறங்கிய கடைகளில், ஒன்றோ இரண்டோ எடுத்துக் காட்டினார்கள் அல்லது வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வாசித்துப் பார்க்காமல் வாங்க மனமில்லாமல் பெங்களூருக்குப் போய், ஒரு கல்லூரி மாணவரிடம் பழையது ஒன்றை 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். உடலமைப்பு ஃபெண்டரின் ப்ரெசிஷன் பேஸ் என்ற மாதிரியினுடையது. நடுவில் இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்), கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் ஜாஸ் பேஸ் வகை ஒற்றைப் பிக்கப்பும் இருந்தன. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் ப்ரெசிஷன் பேஸை வெளியிட்டார். 1957-இல் அதன் பிக்கப்பை இரு துண்டுகளாக்கினார். 1960-இல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தார். மலிவு விலைப் பிரதிகளில் பல இன்றும் இவ்விரண்டையும் கலந்து செய்தவைதான். இந்தக் கலப்பில் குறை ஒன்றுமில்லை. உதிரிப் பாகம் தேடுகிறவனுக்கு அது வசதியும்கூட.

குறை என்னிடம் இருந்தது. வாசித்துப் பார்ப்பதற்காகவே அத்தனை தூரம் போனவன், விளிம்பில் கருத்து நடுவில் தேன்நிறமாக மினுங்கிய வண்ணப்பூச்சில் மயங்கி, பார்க்க வேண்டியவற்றைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின், அதாவது கழுத்துக் கட்டையின், நீளவாக்கில் பார்த்திருக்க வேண்டும். மிகத் தடித்த இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று கவனித்திருக்க வேண்டும், அங்கே 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராட் உண்மையில் திரும்புகிறதா, அல்லது முன்பே யாரோ திருகி அதன் தலையை மழுக்கிவிட்டார்களா என்று சோதித்திருக்க வேண்டும். சேலம் வந்து சேர்ந்த இரவு அளந்தபோது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இ கம்பி 3.8 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. ஒரு மணி நேரம் வாசித்ததில் இடது கை விரல்கள் கன்றிவிட்டன. ஆம்ப்பில் சொருகினால் இரைச்சல் வேறு.

பட்டறைக்காரர் கருவியை வாங்கி, சொருகாமலேயே ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்தார். பிறகு சொருகி, கம்பியில் கை வைத்தும் எடுத்தும் இரைச்சலைக் கேட்டார். வழக்கமாகக் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்க வேண்டும். ஏனெனில் பிரிட்ஜின் வழியாகக் கம்பிகளும், கம்பிகளின் வழியாக வாசிப்பவரின் உடலும் மின்சுற்றின் எர்த்தோடு இணைந்துவிடுகின்றன. என்னுடையதில் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சலாக இருந்ததால், பிரிட்ஜுக்கு அடியில் வரும் வயர் விடுபட்டிருக்கிறது என்று திறந்து பார்க்காமலேயே சொன்னார். திறந்தபோது அவர் சொன்னபடியே இருந்தது.

நான் அதற்குள் புதிய பிக்கப்புகளுக்கு விலை விசாரித்து வைத்திருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பொறுங்க தம்பி, முதல்ல கம்பி ஒழுங்கா உக்காரட்டும். காந்தத்தை அப்புறம் பாத்துக்கலாங்க" என்றார். வேலையைக் குறைத்துச் சொல்லும் செப்பனிடுபவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. வாகனத்துக்கும் சரி, வாத்தியத்துக்கும் சரி.

அவருடைய குடும்பத் தொழில் கொலுசு. அதனால் அரம் பிடிப்பதில் அவருக்கு இருக்கும் நிதானத்தை வேறெங்கும் பார்க்க முடியாது என்றே நினைக்கிறேன். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால், ஒன்று இடம் பிசகினால் மெழுகை இளக்கிச் சரிசெய்யலாம். கிட்டாரின் ஃப்ரெட் மரத்தில் இறுகிய உலோகம், அதைத் தேய்த்துத்தான் மட்டப்படுத்த வேண்டும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அவர் முதல் நாள் டிரஸ் ராடைக் கால் திருப்பும் மறுநாள் இன்னொரு கால் திருப்பும் மட்டும் இறுக்கி, நெக் நேராகும்வரை காத்திருந்தார். பிறகு ஃப்ரெட்டுகளின் தலையில் மார்க்கர் மையைத் தடவி, நேரான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் மிக லேசாக இழுத்தார். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். மட்டமானதும் ஒவ்வொன்றின் முதுகையும் அரத்தால் மீண்டும் வளைவாக்கி, கையைக் கிழித்துக்கொண்டிருந்த ஓரங்களை மழுக்கினார். உலோகத்தூள் உள்ளே புகுந்துவிடும் என்பதால் பிக்கப்புகளை முதலிலேயே காகிதநாடாவால் மூடிவிட்டார்.

என்னை மிகவும் கவர்ந்தது நட் வேலை; நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து செல்லும் பள்ளங்கள் கொண்ட துண்டுதான் நட். பழைய பிளாஸ்டிக் நட்டைத் தட்டி எடுத்துவிட்டு, எலும்புத் துண்டு ஒன்றை அரத்தால் வடித்தார். கம்பிகளின் பருமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 45, 65, 85, 105 என்று நான்கு விதம்; ஒவ்வொரு பள்ளமும் தன் கம்பிக்குச் சரியாக இருக்க வேண்டும். குறுகினால் சுருதி சேர்க்கும்போது கம்பி சிக்கி, திடீரென்று 'டிக்' என்று விடுபட்டு, வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். அகன்றால் கம்பி பக்கவாட்டில் ஆடி அதிரும். கடைசிச் சில இழைப்புகளுக்கு அரத்தையே அவர் பயன்படுத்தவில்லை. பழைய கம்பித் துண்டின் சுற்றையே அரமாகப் பிடித்து இழைத்தார். எலும்புத் தூளைக்கூடத் தரையில் சிந்தவிடாமல் ஒரு தட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிப் பட்டறைப் பழக்கம். அதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மின்வேலையும் சுத்தம். ஒலியளவையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் பாட்கள் மூன்றும் கரகரத்தன; அவற்றை 250 கிலோ ஓம் மதிப்புள்ள புதியவையாக மாற்றி, டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை வைத்து, உட்குழிவு முழுவதும் செம்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தார். பிளந்த பிக்கப்பில் இரு பாதிகளின் காந்தத் துருவமும் சுருளின் திசையும் எதிரெதிராக இருப்பதால் இரைச்சலைத் தாமே நீக்கிக்கொள்ளும். பிரிட்ஜ் பக்கத்து ஒற்றைப் பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் இன்னமும் மெல்லிய முனகல் உண்டு, ஆனால் கச்சேரி மேடையில் அது கேட்காது. திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இ கம்பி 2.2 மில்லிமீட்டர், மிக மெல்லிய ஜி கம்பி 1.8. ஃப்ரெட் வேலைக்கு 1,200, நட்டுக்கு 500, பாட்களும் வயரிங்கும் 600, கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்யும் செட்டப்புக்கு 300. ஆக 2,600 ரூபாய். பிக்கப்புகளை மட்டும் மாற்றியிருந்தால் அதைவிடக் கூடுதலாகச் செலவழித்து, அதே கன்றிய விரல்களோடு வாசித்துக்கொண்டிருப்பேன்.

இனிக் குறைகள். நான்கு நாளில் தருவதாகச் சொன்னவர் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுப்பதில்லை, மாலை நான்கு மணிக்கு முன் கதவு திறப்பதில்லை, ரசீது கிடையாது. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஊரெங்கும் கச்சேரிகள் நடக்கும்போது அறையில் கால்வைக்க இடமிருக்காது. அந்தச் சமயத்தில் கொடுத்தால் நம் கருவி சுவரோரம் வரிசையில் நிற்கும். முதல் முறை ஜி கம்பியின் பள்ளம் ஒரு இழை அதிகமாக ஆழ்ந்து, திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசியது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் வேறு நட் செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. வண்ணப்பூச்சு வேலையை அவர் தொடுவதே இல்லை.

இரண்டாவது முறை போனது என் ஆசையால். அடி ஒலி (பேஸ்), உச்ச ஒலி (டிரெபிள்) இரண்டையும் கருவியிலேயே ஏற்றி இறக்கும் ஆக்டிவ் பிரீஆம்ப் ஒன்றை 4,200 ரூபாய்க்கு வரவழைத்திருந்தேன். அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். பேட்டரிக்கு இடம் வேண்டுமானால் கருவியின் முதுகில் மரத்தைக் குடைய வேண்டும். "குடைஞ்சா அடைக்க முடியாதுங்க தம்பி" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, 700 ரூபாய்க்கு மிக நேர்த்தியாகக் குடைந்து, மூடியும் போட்டுக் கொடுத்தார். இத்தகைய கருவிகளில் ஜாக்கில் கேபிளைச் சொருகினாலே பேட்டரிச் சுற்று இயங்கத் தொடங்கிவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் மின்சாரம் வடியும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒத்திகை முடிந்த இரவு கேபிளைப் பிடுங்காமல் தூங்கிப் போனேன். மறுநாள் அம்மாப்பேட்டையில் ஒரு கோயில் கச்சேரியில் மூன்றாவது பாட்டின் சரணத்தில் என் ஒலி முதலில் கரகரத்து, பிறகு அடியோடு நின்றுவிட்டது. பேஸ் நின்றதைக் கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தபேலா வாசிப்பவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். கூட்டம் கவனிக்காததுதான் அதிகமாக உறுத்தியது.

அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆனாலும் எங்கள் குழுவின் அமைப்புக்குப் பிரீஆம்ப் தேவையே இல்லை என்பது அதற்குள் புரிந்திருந்தது. நாங்கள் மேடையில் பேஸ் ஆம்ப்பை நம்புவதில்லை. இ கம்பியின் அடிச் சுருதி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறு ஆம்ப் அதை முழுமையாக வெளியே தராது, அதோடு சேர்ந்து எழும் மேல் துணைச் சுருதிகளை மட்டும் கேட்கச் செய்து காதை ஏமாற்றும். அதனால் கருவியிலிருந்து, அதன் சைகையை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் டி.ஐ. பாக்ஸ் வழியாக நேராக மிக்ஸருக்குப் போகிறோம்; உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாதாரணப் பெட்டியே போதும், நீளமான கேபிளிலும் இரைச்சல் ஏறாது, ஜெனரேட்டர் முனகினால் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். ஏற்ற இறக்கமெல்லாம் மிக்ஸரில் நடக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் கிட்டார் எஃபெக்ட்டுகளுக்குச் செலவழிக்கும் முன் இந்தப் பெட்டியை வாங்குவது நல்லது.

மூன்றாவது முறை பிரீஆம்ப்பைக் கழற்றிப் பழைய வயரிங்குக்கே திரும்பினேன். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை, 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதே வேளையில் ஃபிளாட்வவுண்ட் கம்பிகளுக்கும் மாறினேன். வழக்கமான ரவுண்ட்வவுண்ட் கம்பியில் வெளிச்சுற்று உருண்டையாக இருப்பதால் விரல் நகரும் ஓசை கேட்கும், ஒலி பளிச்சென்றிருக்கும். ஃபிளாட்வவுண்டில் வெளிச்சுற்று தட்டை நாடா, ஒலி மந்தமாகவும் திரண்டும் வரும். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962-ஆம் ஆண்டு ப்ரெசிஷனில் இவற்றைத்தான் வைத்திருந்தார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். எங்கள் கச்சேரிகளில் பாதிக்கு மேல் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். அவற்றில் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டுபோல ஓடும் பேஸ் வரிகளுக்கு இந்தத் திரண்ட ஒலி பொருந்துகிறது என்பது என் காது சொல்வது. விலை ரவுண்ட்வவுண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் புதிய கம்பிகளுக்கு இழுவிசையும் கூடுதல் என்பதால் நெக் மீண்டும் முன்னோக்கி வளைந்தது. அதைச் சரிசெய்வதும் அந்த 300-க்குள் அடங்கியது.

அப்போது அவர் எனக்கு டிரஸ் ராடைத் திருப்பக் கற்றுக்கொடுத்து, ஒரு அலன் கீயையும் (அறுகோணத் திருகுச் சாவி) கையில் கொடுத்தார். ஒரு நேரத்தில் கால் திருப்புக்கு மேல் கூடாது, திருப்பும் முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும், முரண்டு பிடித்தால் நிறுத்திவிட வேண்டும், பாடம் அவ்வளவுதான். டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு தேவாலயக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வாசிக்கப் போனபோது அது உதவியது. முப்பது கிலோமீட்டர் தூரமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும்தான் இடையில்; ஆனால் சேலத்து வறண்ட வெயிலிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்துக்குள் போகும் மரத்துக்கு அது வேறு நாடு. குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறியது. ஈரத்தை வாங்கிய நெக், இரண்டாம் நாள் காலைக்குள் கம்பியை உயர்த்திவிட்டது. எந்தப் பக்கம் வளையும் என்பது அந்தந்த நெக்கின் மரத்தைப் பொறுத்தது. என்னுடையதுக்குக் கால் திருப்பு இறுக்கம் போதுமானதாக இருந்தது. சேலம் இறங்கிய இரண்டு நாளில் அதே கால் திருப்பைத் தளர்த்தினேன்.

பிரீஆம்ப்புக்காகக் குடைந்த பேட்டரி அறை கருவியின் முதுகில் அப்படியே இருக்கிறது. இப்போது அதற்குள் துணியில் சுற்றி அந்த அலன் கீயை வைத்திருக்கிறேன்.