புதுப்பித்தபின் தளர்ந்த கைபேசி

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடையில் சென்ற ஆண்டு 16,000 ரூபாய்க்கு வாங்கிய இந்தக் கைபேசி, முதல் ஆறு மாதம் குறையின்றி ஓடியது. பெரிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. மாங்காய் மண்டியில் வியாபாரி எதிரே காத்திருக்க, பணம் செலுத்தும் செயலியைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரையே நின்றது. எண்ணிப் பார்த்தேன், 11 வினாடி.

பெட்டியில் 6 ஜிபி ரேமுடன் (செயலிகள் ஓடும்போது பயன்படும் வேக நினைவகம்) 'கூடுதல் 6 ஜிபி' என்று அச்சிட்டிருப்பது உண்மையான ரேம் அன்று; சேமிப்பகத்தின் ஒரு பகுதியைக் கடன் வாங்கிக் காட்டும் கணக்குதான், அந்தச் சேமிப்பகமோ ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது. அவ்வசதியை அணைத்து, நிரம்பிக் கிடந்த 128 ஜிபி சேமிப்பகத்தில் வாட்ஸ்அப் காணொலிகளை (பெரும்பாலும் காலை வணக்கங்கள்) நீக்கி 30 ஜிபி காலியாக்கியதும் பாதி வேகம் திரும்பியது. மின்கலமும் திரையும் நன்று; கேமரா திறப்பதற்குள் மட்டும் இன்னும் பொறுமை போய்விடுகிறது.