பைப்பில் கல் மினுக்கும் பரல் செய்யக் கொடுப்பவர்கள் கவனம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பட்டறைக்காரர், பீவீசீ பைப்பில் கல் மினுக்கும் பரல் (கற்களைப் போட்டுச் சுழற்றும் மூடிய கலன்) செய்து தருவதாக வட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆளின் பெயரை எழுதவில்லை. அவர் செய்து தந்த வேலையை எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்குத் தெரியாதவர்களுக்கு: வீடு கட்டப் பறித்த ஆற்றுமணலை அரித்தால் அரிதட்டில் கூழாங்கற்கள் மிஞ்சும். அவற்றில் வெள்ளையாக இருப்பவை பெரும்பாலும் குவாட்ஸ். (கல் தேடிக் காடு, ஆற்றங்கரை என்று அலைய வேண்டாம். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன.) அந்தக் கற்களை தண்ணீரோடும் சிலிக்கன் காபைட் என்ற கல்லைத் தேய்க்கும் கடினமான தூளோடும் பரலில் போட்டு மூடி, உருளைகளின் மேல் இரவு பகலாக மெதுவாகச் சுற்றவிட வேண்டும். 60/90 பருமன் தூளில் தொடங்கி, 120/220, 500, கடைசியாக மினுக்கும் தூள் (இலக்கம் கூடக் கூடத் தூள் நைசு). ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கிழமை அளவில் எடுக்கும். வெளிநாட்டு மெஷின் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பைப் பரலும் பழைய வாகன வைப்பர் மோட்டரும்தான் எங்களுக்கு.

நான் கேட்டதைத் தாளில் எழுதியே கொடுத்தேன்: 110 மில்லிமீற்றர், டைப் 1000 (தடித்த சுவர்) பைப், ஒரு பக்கம் கம் பூசி ஒட்டிய எண்ட் கேப் (முனை மூடி), மறுபக்கம் திருகு மூடி, உள்ளே லொறி டியூப் றப்பர். பாதிக் காசு முற்பணம், மீதி பரலைக் கையில் வாங்கும்போது.

வந்த பரல் பார்க்க நல்ல வடிவு. சாம்பல் நிறப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. "அழகுக்கு அடிச்சனான், தம்பி" என்றார்.

அந்த அழகு எதற்கென்று சில நாள் ஓடிய பிறகுதான் தெரிந்தது. காலையில் பார்த்தால் உருளைக்குக் கீழே முழுக்கச் சேறு, மோட்டரும் நனைந்து கிடக்கிறது. உருளை உரசிப் பெயின்ற் கழன்ற இடத்தில், அரத்தாள் போட்டுத் தேய்த்தும் போகாத எழுத்து: 400. வாளால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். டைப் 1000 என்று காசு வாங்கிய பைப்பின் சுவர், கழிவுநீர் பைப் மாதிரி மெல்லிசு.

இங்கே விற்கும் அழுத்தப் பைப்பில் டைப் இலக்கம் என்பது அது தாங்கும் அழுத்தம். 1000 என்றால் 1000 கிலோபஸ்கல், அதாவது 10 பார். வெளிவிட்டம் எல்லா டைப்பிலும் ஒன்றுதான், சுவரின் தடிப்புத்தான் மாறும். பரலில் இரண்டு முனையும் மூடியிருப்பதால் சுவர் கண்ணில் படாது. தடிப்பைச் சொல்ல மிஞ்சுவது பைப்பில் அச்சடித்த எழுத்து மட்டும்தான். அதையும் பெயின்றால் மறைத்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

எண்ட் கேப்பும் பொய். தகட்டில் வட்டமாக வெட்டிய துண்டொன்றை சிலிக்கோன் பசை வைத்துப் பிடித்திருக்கிறார். பீவீசீ கம் பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சிலிக்கோன் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். மெல்லிய சுவர் கல்லின் பாரத்தில் சுற்றுக்குச் சுற்று நெளிய, அது விட்டுப்போகாமல் என்ன செய்யும்? ஒழுகாமல் இருந்திருந்தாலும் அந்தப் பரல் உதவாது. சிலிக்கோன் இடுக்குகளில் 60/90 தூள் போய் ஒளிந்துகொள்ளும். எத்தனை தரம் கழுவினாலும் வராது. கடைசிக் கட்டத்தில் அந்தத் தூளில் நாலு துகள் வெளியே வந்தால் போதும், கல் முழுக்கக் கீறல், பல கிழமை வேலை வீண்.

கொண்டுபோய்க் காட்டினேன். "கல்லைப் போட்டு உருட்டினா எந்தப் பைப்தான் நிக்கும்? தண்ணி போற சாமானெல்லோ தம்பி" என்கிறார். கல் உருட்டத்தான் என்று படம் போட்டு விற்ற அதே ஆள்! பில் கேட்டால் புத்தகம் முடிந்துவிட்டதாம்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் அது இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த தாளின் பிரதி, குழுவில் அவர் போட்ட படம், அறுத்த துண்டு எல்லாம் கைவசம் உண்டு.

செய்யக் கொடுப்பவர்கள் பைப்பை ஹார்ட்வெயாரில் நீங்களே வாங்கி, அச்சு எழுத்து உள்ள துண்டாக வெட்டிக் கொடுங்கள். பெயின்ற் அடிக்க விடவே வேண்டாம். எண்ட் கேப்பை உங்கள் கண் முன்னால் ஒட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு தண்ணீர் நிறைத்து, மூடிப் பக்கம் கீழே இருக்க ஒரு இரவு, மற்றப் பக்கம் கீழே இருக்க ஒரு இரவு, காய்ந்த கடதாசி மேல் நிறுத்திப் பாருங்கள். அதுவரை மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

அந்தப் பட்டறையில் இன்னும் சிலர் முற்பணம் கட்டிவிட்டு நிற்பதாகக் கேள்வி. பரல் கைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு காசுக் குற்றியால் பெயின்றைச் சுரண்டி இலக்கத்தைப் பாருங்கள்.