கம்பத்துக்குக் காதி, பால்கனிக்குப் பாலியஸ்டர்

வாங்கியது காதி தேசியக் கொடி, 900-க்கு 600 மி.மீ. கடையில் 'மூணுக்கு ரெண்டு' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்கிய இடம் எங்கள் ஊர் சர்வோதய சங்கக் கடை. ஏற்றுவது எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் இருக்கும் கம்பத்தில். நான் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் என்பதால் ஆகஸ்ட் 15 வந்தால் கொடி கட்டும் வேலை கேட்காமலேயே என் தலையில் விழும். மைக்குக்கு செகரட்டரி, ஆரஞ்சு மிட்டாய்க்குப் பொருளாளர், கயிற்றுக்கு நான்.

இதற்கு முன்னால் இருந்தது ஆன்லைனில் வாங்கிய பாலியஸ்டர் கொடி. கம்பெனி பெயர் வேண்டாம். சக்கரத்தை ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தார்கள், மறுபக்கம் நீலம் மங்கலாகத் தெரிந்தது. ஆரங்களை எண்ணச் சொன்னால் கீழ்வீட்டுப் பையன் 22-லேயே நின்றுவிட்டான். நீளமும் அகலமும் 3:2 கணக்குக்கு வரவில்லை. கயிறு கோக்கிற மடிப்பில் ஒற்றைத் தையல்தான், இழுத்ததும் பிரிந்துகொண்டது.

காதிக் கொடியைக் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிகிறது. மூன்று நிறமும் தனித்தனித் துணி, சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கச் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்துகிறது, 24 ஆரமும் இருக்கிறது. கம்பத்துப் பக்கம் கெட்டித் துணியில் உறை, அதற்குள் கயிறு, கயிற்றின் மேல்நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. கம்பத்துக் கயிற்றில் ஒரு கண்ணி போட்டு இந்தக் கட்டையை நுழைத்தால் போதும். பல வருஷம் பள்ளிக்கூடத்தில் நைலான் கயிறோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் அந்தக் கட்டையின் அருமை தெரியும். கர்நாடகத்தில் ஹூப்ளி பக்கம் பெங்கேரியில் தைக்கிறார்கள். தேசியக் கொடிக்கென்றே இந்தியத் தரநிலை ஒன்று உண்டு, அதன் எண்ணே ஐ.எஸ். 1.

குறையும் இருக்கிறது. துணி கனம். காற்றில்லாத காலை எட்டு மணிக்குக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். 52 விநாடி தேசிய கீதம் முடிகிற வரை எங்கள் கொடி அசையவே இல்லை, போட்டோ எடுக்க வந்தவர்கள் முகம் வாடிப்போனது. பாலியஸ்டர் என்றால் லேசான காற்றுக்கே படபடக்கும். மழையில் நனைந்தால் காதி இன்னும் மோசம், கயிறே கொஞ்சம் இறங்கிவிடுகிறது. இறக்கியதும் நிழலில் நன்றாக உலர்த்திய பிறகுதான் மடிக்க வேண்டும்.

பூ வைப்பவர்கள் கவனிக்கவும். கொடிக்குள் மலரிதழ் வைக்க விதியில் தடை இல்லை. ஆனால் ஒரு கைப்பிடி போதும், அதுவும் ஈரமில்லாத உதிரி ரோஜா. ஈரச் சாமந்தி வெள்ளைப் பட்டையில் கறை ஏற்றிவிடும். பொருளாளர் ஆசைப்பட்டுக் கால் கிலோ திணித்தால் சுருக்கு இறுகி, தலைமை விருந்தினர் கயிற்றை இழுத்து இழுத்து மேலே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

காதிதான் கட்ட வேண்டும் என்று சட்டம் இப்போது சொல்வதில்லை. 2021 டிசம்பரில் கொடி விதியைத் திருத்திப் பாலியஸ்டரையும் மெஷின் தையலையும் அனுமதித்துவிட்டார்கள். 2022 ஜூலையிலிருந்து வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம். அந்த வருஷம் போஸ்ட் ஆபீஸில் 25 ரூபாய்க்குக் கொடுத்த கொடி என் பால்கனியில் நன்றாகவே இருந்தது, அந்த வேலைக்கு அது போதும். துணியில் புனிதம் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல்: 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் சென்னைக் கோட்டையில் ஏற்றியது பட்டுக் கொடி. இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கம்பம் இருந்தால் காதி வாங்குங்கள். விலை பாலியஸ்டரைப் போலப் பல மடங்கு, வருஷாவருஷம் புதிதாக வாங்கும் தொல்லை மிச்சம். ஜூலையிலேயே போய்விடுங்கள், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் போனால் இந்த அளவு கையிருப்பு இல்லை என்பார்கள். பில்லையும் ஒரு பார்வை பாருங்கள்: தேசியக் கொடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, காதியானாலும் சரி, பாலியஸ்டரானாலும் சரி.