நான்கு வைரப் படிகங்கள் கொண்ட சேகரிப்புப் பெட்டி: ஒரு மதிப்புரை

கனிமச் சேகரிப்பாளர்களுக்காக விற்கப்படும் இந்தச் சிறு பெட்டியில், எரிமலைக் குழாய்களின் பாறையிலிருந்து கிடைத்த, பட்டை தீட்டாத நான்கு வைரங்கள் தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் அரை காரட்டுக்கும் குறைவு, அதாவது 0.1 கிராம்கூட இல்லை. நகைக்கடை மினுமினுப்பை எதிர்பார்த்துத் திறப்பவருக்கு இவை ஏமாற்றம் தரலாம். ஆனால் நிலத்துக்கு 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவான ஒரு படிகம், மேலே வரும் வழியில் என்னவெல்லாம் அனுபவித்தது என்பதை அதன் மேற்பரப்பிலேயே காண விரும்புவோருக்கு இது அருமையான பெட்டி.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த எண்முகிப் படிகம்தான் முதலில் கண்ணைக் கவர்கிறது. விளிம்புகள் கூர்மையாக உள்ளன. நைட்ரஜன் அணுக்களால் உண்டாகும் இளமஞ்சள் சாயல், வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் மட்டுமே தெரிகிறது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், முக்கோண முகமொன்றில் நுண்ணிய முக்கோணக் குழிகள் தெரிகின்றன. முகத்தின் முனை மேல்நோக்கி இருக்க, குழிகளின் முனைகள் கீழ்நோக்கி இருக்கின்றன. பாறைக்குழம்பு வைரத்தை அரித்ததன் தடயம் அது. பெட்டியின் விலைக்கு இந்த ஒரு படிகமே பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்துப் பழுப்புக் கல்லைப் பற்றித்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் மூடப்பட்ட அந்தச் சுரங்கத்தின் பாறை, வைரங்கள் வழக்கமாகக் கிடைக்கும் எரிமலைப் பாறையான கிம்பர்லைட் அன்று, லாம்ப்ரோயிட் என்னும் வேறொரு வகை எரிமலைப் பாறை. முகங்கள் வளைந்து, ஏறத்தாழப் பன்னிருமுகியாகத் தோன்றும் இந்தக் கல்லின் உருண்டை வடிவத்துக்கு, உடன்வந்த அட்டை 'ஆற்றில் உருண்டு தேய்ந்தது' என்று காரணம் சொல்கிறது. இது தவறு. எண்முகியாக வளர்ந்த வைரத்தின் விளிம்புகளும் முனைகளும் மேலெழும் பாறைக்குழம்பில் கரைந்துபோனதால் கிடைத்த வடிவம் இது. ஆற்று மணலும் கூழாங்கல்லும் வைரத்தை இப்படி மழுங்கடிப்பதில்லை. படிகங்களைக் கற்பதற்காகவே வாங்கும் பெட்டியில் இத்தகைய விளக்கம் இடம்பெறுவது வருத்தத்துக்குரியது. விற்பனையாளர் அட்டையைத் திருத்தி அச்சிட வேண்டும். நிறத்தைப் பற்றி அட்டை எதுவுமே சொல்லவில்லை. ஆழத்து அழுத்தத்தில் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்ததால் வந்த பழுப்பு அது. வளைந்த முகத்தில் ஓடும் மெல்லிய இணைகோடுகள் அந்த நகர்வையே காட்டுகின்றன.

மூன்றாவது, தட்டையான முக்கோண இரட்டைப் படிகம். இரு பாதிகளும் சேருமிடத்தில், விளிம்பைச் சுற்றிலும் சடைப் பின்னல் போன்ற வரிகள் தெளிவாகத் தெரிகின்றன.

காங்கோவின் ம்புஜி-மாயியிலிருந்து வந்த கனசதுரம் ஒளி புகாதது. சாம்பல் கலந்த மஞ்சள் நிறம், சொரசொரப்பான முகங்கள். இழை இழையாக வேகமாக வளர்ந்து, இடையிடையே நுண்திரவத் துளிகளைச் சிறைப்பிடித்ததால் இந்த மங்கல் உண்டாகிறது. இவ்வகைக் கற்கள் பெரும்பாலும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கே போவதால் விலை மலிவு. தனியாக வாங்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம்.

வைரத்தை வைரமே கீறும் என்பதால் தனித்தனி அறைகள் அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. இணைத்துத் தரும் லென்ஸ் மட்டும் ஓரங்களில் உருவத்தைச் சிதைக்கிறது. முக்கோணக் குழிகளைக் காண வேறு நல்ல லென்ஸ் தேவைப்படும்.