கழற்றி வைத்த டிரில் மோட்டார் வாங்காதீர்கள்: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு நடந்தது

மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் பழைய பேட்டரி டிரில் சாமான் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் என்ன கொடுத்தார்கள், அதை எப்படி மறைத்திருந்தார்கள் என்பதை முழுதாக எழுதுகிறேன்.

என் அக்கா மகன் நான்காம் படிவம் படிக்கிறான். சண்டை ரோபோ கட்ட வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போட்டியில் 12 பவுண்ட் எடைப் பிரிவு, அதாவது 5.4 கிலோவுக்குள். அந்த எடைக்கு டிரில்லில் இருக்கும் 550 என்ற அளவு மோட்டாரும் அதோடு சேர்ந்த கியர்பாக்ஸும் நன்றாகப் பொருந்தும். சக்கரத்தைத் திருப்பத் தேவையான இழுவை அதிலேயே கிடைத்துவிடும். விடுமுறை நாட்களில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கி 250 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருந்தான். அந்தக் காசோடுதான் டவுனில் இருக்கும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு மோட்டார்களை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இது ஜோடி. ரெண்டும் 18 வோல்ட், ஒரே மாடல். நானே கழற்றி ஓட்டிப் பார்த்தது" என்றார். எங்கள் கண் முன்னாலேயே பேட்டரியைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் சுற்றின. மோட்டார்களுக்கு 160 வெள்ளி, பேட்டரிக்கு 90 வெள்ளி. கேட்டதும் பில் எழுதிக் கொடுத்தார். கடையிலிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் அதுதான்.

வீட்டில் பொருத்தி ஓட்டினால் ரோபோ ஒரே இடத்தில் வட்டமடித்தது. ஒயரிங்கில் தன் தப்பு என்று நினைத்துப் பையன் இரண்டு இரவு தூங்கவில்லை. சில டிரில் மோட்டார்கள் ஒரு திசையில் கொஞ்சம் வேகமாகவும் மறு திசையில் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும். எதிரெதிராகப் பொருத்தும்போது ரோபோ லேசாக ஒரு பக்கம் சாயும். அது கடைக்காரர் குற்றமில்லை, மோட்டாரின் அமைப்பே அப்படி. ஆனால் இது சாய்வு இல்லை, பம்பரம். மோட்டார்களைக் கழற்றி ஒரே 12 வோல்ட் மின்சாரம் கொடுத்துப் பார்த்தோம். ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாக ஓடியது. அதன் மேலிருந்த 18 வோல்ட் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 12 வோல்ட்.

அடுத்தது கியர்பாக்ஸ். சக்கரத்தைக் கையால் பிடித்தால் மோட்டார் அலறியது, சக்கரம் நின்றது. டிரில்லின் முன்பக்கம் எண் போட்ட வளையம் ஒன்றைத் திருப்புவோமே, அதுதான் கிளட்ச். உள்ளே ஸ்பிரிங்கும் சின்ன இரும்புக் குண்டுகளும் ரிங் கியரை, அதாவது உட்பக்கம் பல் வைத்த வளையத்தை, அழுத்திப் பிடித்திருக்கும். ரோபோவில் பயன்படுத்துகிறவர்கள் அந்த ரிங் கியர் நகராதபடி திருகு போட்டுப் பூட்டிவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்ததில் ஸ்பிரிங்கும் இல்லை, குண்டும் இல்லை. ரிங் கியரைச் சூப்பர் குளூவால் ஒட்டி மூடியிருந்தார்கள். சுமை இல்லாமல் சுற்றிக் காட்டும்வரை பசை தாங்கும். அதனால்தான் கடையில் அவ்வளவு தைரியமாக ஓட்டிக் காட்டினார்.

இதையெல்லாம்கூட நஷ்டம் என்று விட்டுவிடுவேன். பேட்டரியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நீல உறை, மேலே 18 வோல்ட், 6 ஆம்பியர் மணி (எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு) என்று அச்சடித்திருந்தது. சார்ஜில் போட்ட கால் மணி நேரத்தில் ஒரு மூலை கை வைக்க முடியாதபடி சுட்டது. உடனே பிடுங்கி வாசலில் மணல்மேல் வைத்தோம். ஆறிய பிறகு திறந்தால் உள்ளே ஐந்தே ஐந்து 18650 செல்கள், அதாவது உருளை வடிவ லித்தியம் செல்கள். நல்ல 18650 செல் ஒன்று பெரும்பாலும் 3.5 ஆம்பியர் மணி அளவுதான் தாங்கும். ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் வோல்ட் கூடுமே தவிர ஆம்பியர் மணி கூடாது. ஐந்து செல்லில் 6 என்று எழுதியிருந்தாலே பொய். சமையல் தராசில் நிறுத்தோம், ஒவ்வொன்றும் 38 கிராம். நல்ல செல் பெரும்பாலும் 45 கிராம் அளவாவது இருக்கும். செல்களின் புது உறைக்குள் பழைய உறையும் இருந்தது. ஒரு செல்லில் 2.1 வோல்ட்தான் மிச்சம். அவ்வளவு கீழே இறங்கிய லித்தியம் செல்லைத் திரும்ப சார்ஜ் செய்வதே ஆபத்து. ஒவ்வொரு செல்லையும் கவனிக்க வேண்டிய ஒயர்களில் முதலும் கடைசியும் மட்டுமே பற்றவைக்கப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட பேட்டரி தீப்பிடித்தால் என்ன ஆகும்? எங்கள் வீடு பழைய தோட்டத்துப் பலகை வீடு. பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம்தான்.

திருப்பிக் கொண்டுபோனேன். "கழற்றின சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம், போர்டுல எழுதியிருக்கு பாருங்க" என்றார். அந்தப் பேட்டரி என்ன செய்யும் தெரியுமா என்று கேட்டேன். அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டேன். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது அது. கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வேண்டாம், பில்லும் படங்களும் போதும். ஒட்டிய ரிங் கியர், இரண்டு ஸ்டிக்கர், தராசு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மோட்டார் வேண்டுமென்றால் பேட்டரி செத்துப்போன முழு டிரில்லாக, ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். கழற்றுவது கஷ்டமில்லை. டிரில் பிட்டைக் கவ்வும் முன்பக்க வாயை (சக்) முழுதாகத் திறந்தால் உள்ளே ஒரு திருகு இருக்கும், பெரும்பாலும் இடப்பக்க மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், அதைத் தெரியாமல் தலையை நசுக்கிவிடாதீர்கள். ஈப்போவில் இப்படி இரண்டு டிரில் பிடித்தோம், பையன் நேற்று ஒன்றைப் பிரித்தான், குண்டுகள் எல்லாம் இருந்தன.

இந்த வட்டாரத்தில் நீல உறை போட்ட அந்த மாதிரிப் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இன்று இரவு அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.