மீன் தொட்டிக்கு எல்இடியா, டியூப் லைட்டா?

விலை: டியூப் லைட் மலிவு. எல்இடிக்குக் கூடுதல், கரண்ட் பில்லில் மிச்சம்.

உழைப்பு: எல்இடிதான். டியூப் நாளாக நாளாக மங்கும்.

சூடு: சேலத்துக்கு இதுதான் முக்கியம். சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். மூடிக்குள் டியூபும் சோக்கும் சேர்ந்து சுட்டால் ஆக்சிஜன் இன்னும் குறையும். கோல்ட் ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எல்இடியில் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் எல்இடி பட்டென்று பளிச்சிடும். மீனுக்கு இமை கிடையாது, மிரண்டு கண்ணாடியில் மோதும். முதலில் அறை விளக்கைப் போடுங்கள், அப்புறம் தொட்டி விளக்கு.

சேலத்துக்காரர்களுக்கு எல்இடி. ஏற்காட்டுக் குளிரில் பழைய டியூப் கையில் இருந்தால் சரி, ஓடட்டும். எதுவானாலும் 8 மணி நேரம் போதும், மீறினால் பாசிதான். வயரைப் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது.